எலக்ட்ரானிக்ஸ், ஆடியோ வேலைக்கு மல்டிமீட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆம்ப்ளிஃபையரை மூன்று மாலைகள் பிரித்துப் போட்டுத் தேடினேன். 1 கிலோஹெர்ட்ஸில் 2 வோல்ட் காட்டிய வெளியீடு, 10 கிலோஹெர்ட்ஸில் 1.1 வோல்ட்டுக்குச் சரிந்தது. உயர்சுரங்கள் எங்கோ தொலைகின்றன என்று முடிவுகட்டி, கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். டிரான்சிஸ்டர்களையும் சந்தேகித்தேன். நான்காம் நாள் நண்பர் ஒருவரின் ஆசிலாஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வைத்துப் பார்த்தபோது, 20 கிலோஹெர்ட்ஸ் வரை அலையின் உயரம் துளியும் குறையவில்லை. ஆம்ப்ளிஃபையர் முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. என் மீட்டர் 400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஏசியை அளக்கும். அந்த வரம்பு அதன் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

அன்றிலிருந்து, மல்டிமீட்டர் வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: முகப்பில் இருக்கும் குமிழையும் பொத்தான்களையும் எண்ணுவதற்கு முன் கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணைகளைப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கையேட்டை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. வாங்குவதற்கு முன்பே இறக்கிப் படித்துவிடலாம். கையேடே கிடைக்காத மீட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆடியோ வேலைக்கு வேண்டாம். அந்த அட்டவணைகளில் எதைத் தேட வேண்டும், எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எதை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நான்கு பத்திகள் கோடிடுங்கள். அளக்க வேண்டிய பொருள், அதன் மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு, ஏசி என்றால் அதிர்வெண். நினைவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். எழுதும்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்ளிஃபையரின் ஓய்வு மின்னோட்டத்தை, அதாவது ஒலி எதுவும் கொடுக்காதபோது ஓடும் மின்னோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டரில் 0.22 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், 100 மில்லிஆம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே கிடைப்பது வெறும் 22 மில்லிவோல்ட். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் என்றால் அதே மேசையில் 300 முதல் 450 வோல்ட் வரை டிசி. பேட்டரியில் ஓடும் சிறிய சர்க்யூட் உறக்க நிலையில் இழுப்பது சில மைக்ரோஆம்பியர். வீட்டு ஆடியோ கருவியின் லைன் வெளியீடு (அடுத்த கருவிக்கு ஒலியை அனுப்பும் முனை) பெயரளவில் 0.316 வோல்ட், அதையும் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும். இந்த நான்கு வரிகளையும் ஒரே மீட்டர் நன்றாகச் செய்வது அரிது. உங்கள் தாளில் எந்த வரி அடிக்கடி வருமோ அதற்காக வாங்குங்கள். மற்றதற்கு மாற்று வழி இருக்கிறது.

இரண்டாம் படி: பாதுகாப்பை முதலில் தீர்த்துவிடுங்கள்

விலை, வசதி எதைப் பற்றியும் யோசிப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். மின்னளவுக் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 61010 தரநிலை, அளக்கும் இடத்தைப் பொறுத்துக் கருவிகளை 'கேட்' வகைகளாகப் பிரிக்கிறது. சுவர் பிளக்கில் செருகிய கருவிகள் கேட் 2, கட்டடத்தின் விநியோகப் பலகையும் நிலையான வயரிங்கும் கேட் 3, வெளியிலிருந்து மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடம் கேட் 4. பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மின்தொடரில் திடீரென்று பாயும் எழுச்சியை மீட்டர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் வகை சொல்கிறது. கேட் 2, 600 வோல்ட் மீட்டர் 4,000 வோல்ட் எழுச்சிக்கும், கேட் 3, 600 வோல்ட் மீட்டர் 6,000 வோல்ட் எழுச்சிக்கும் சோதிக்கப்படுகிறது. ஆடியோ மேசைக்குக் கேட் 3, 600 வோல்ட் போதும். வால்வு வேலை செய்பவர்கள் 1000 வோல்ட் டிசி வரை அளக்கும் மீட்டரைப் பாருங்கள்.

அடுத்து ஃபியூஸ். மின்னோட்டம் அளக்கும் துளையில் புரோபை (அளக்கும் முனை கொண்ட கம்பி) செருகிவிட்டு, மறந்துபோய் மின்னழுத்தத்தை அளக்கப் போவது அனுபவசாலிகளுக்கும் நடக்கும் தவறு. அந்த நொடியில் மீட்டர் ஒரு குறுக்கிணைப்பாக (ஷார்ட் சர்க்யூட்) மாறிவிடும். கண்ணாடி ஃபியூஸ் இருந்தால் அது உருகிய பிறகும் உள்ளே மின்பொறி தொடர்ந்து எரியக்கூடும். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் அந்தப் பொறியை அணைத்துவிடும். நல்ல மீட்டர்களில் 1000 வோல்ட்டுக்கு மதிப்பிட்ட ஃபியூஸ்கள் இருக்கும்: பெரிய துளைக்கு 11 ஆம்பியர், சிறிய துளைக்கு 440 மில்லிஆம்பியர் என்பது பரவலான இணை. மாற்றும்போதும் அதே வகையைத்தான் போட வேண்டும். 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் 'ஃபியூஸ் இல்லை' என்று அச்சிட்டிருக்கும் மீட்டர்களும் விற்பனையில் உண்டு. அவற்றைப் பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புரோபுகளுக்கும் தனி மதிப்பீடு உண்டு. மீட்டர் கேட் 3 ஆக இருந்து கம்பி அதற்குக் கீழ் இருந்தால், மொத்த அமைப்பும் கம்பியின் மதிப்புக்கு இறங்கிவிடும்.

மூன்றாம் படி: கவுண்ட் வேறு, துல்லியம் வேறு

பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருப்பது கவுண்ட். 2000 கவுண்ட் மீட்டர் 1999 வரையும், 6000 கவுண்ட் மீட்டர் 5999 வரையும் காட்டிவிட்டு அடுத்த வரம்புக்குத் தாவும். 3.3 வோல்ட்டை முதல் மீட்டர் 20 வோல்ட் வரம்பில் 3.30 என்று காட்டும், இரண்டாவது மீட்டர் 3.300 என்று காட்டும். ஓர் இலக்கம் கூடுதல், அவ்வளவுதான். அந்த இலக்கம் உண்மையா என்பதைத் துல்லிய அட்டவணைதான் சொல்லும்.

அங்கே ±(0.5% + 3) என்பதுபோல் எழுதியிருக்கும். சதவீதம் காட்டும் மதிப்பின் மேல் கணக்கிடப்படும். கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எண், கடைசி இலக்கத்தில் எத்தனை அலகு ஆடலாம் என்பது. 6000 கவுண்ட் மீட்டர் 5.000 என்று காட்டினால் 0.5% என்பது 25 மில்லிவோல்ட், 3 அலகு என்பது 3 மில்லிவோல்ட். ஆக உண்மை மதிப்பு 4.972 முதல் 5.028 வரை எங்கும் இருக்கலாம். ±(0.05% + 3) என்று எழுதிய மீட்டரில் அதே அளவீட்டின் ஐயம் 5.5 மில்லிவோல்ட்டுக்குச் சுருங்கிவிடும். இரண்டும் திரையில் ஒரே நான்கு இலக்கங்களைத்தான் காட்டும்!

என் கருத்து: பொதுவான எலக்ட்ரானிக்ஸுக்கு 6000 கவுண்டும் டிசியில் 0.5% துல்லியமும் போதும். பழுதுபார்ப்பில் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.97 இருக்கிறதா 12.02 இருக்கிறதா என்பது பெரும்பாலும் பொருட்டே இல்லை, 7 வோல்ட் இருக்கிறது என்பதுதான் செய்தி. ஆனால் இரண்டு அளவீடுகளின் சிறிய வித்தியாசத்தைத் தேடுபவர்களுக்குக் கூடுதல் கவுண்ட் உண்மையாகவே உதவும். அப்போது இரண்டையும் அளப்பது ஒரே மீட்டர் என்பதால் துல்லியப் பிழை பெருமளவு கழிந்துபோகும், இலக்கம்தான் மிஞ்சும். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை அப்படிப்பட்ட ஒன்று. சுமை இல்லாமல் 4.00 வோல்ட், 8 ஓம் சுமை போட்டால் 3.80 வோல்ட் என்றால், முதலாவதை இரண்டாவதால் வகுத்து 1 கழித்து 8-ஆல் பெருக்குங்கள். 0.42 ஓம் வரும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் இந்த வித்தியாசம் சில மில்லிவோல்ட்டுகளுக்குள் அடங்கிவிடும். 2000 கவுண்ட் மீட்டரின் கண்ணுக்கே அது தெரியாமல் போகலாம்.

நான்காம் படி: டிசியில் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி, மில்லிவோல்ட் வரம்பு இருக்கிறதா? இன்றைய தானியங்கி மீட்டர்கள் சிலவற்றில் டிசியின் மிகச் சிறிய வரம்பு 2 வோல்ட் அல்லது 6 வோல்ட். அதில் 22 மில்லிவோல்ட்டை அளந்தால் திரையில் 0.022 என்று இரண்டே இலக்கம்தான் மிஞ்சும், கடைசி இலக்கம் 3 அலகு ஆடினால் உங்கள் ஓய்வு மின்னோட்டம் ஏழில் ஒரு பங்கு தவறு. 200 அல்லது 600 மில்லிவோல்ட் வரம்பு இருந்தால் 22.0 என்று படிக்கலாம். ஸ்பீக்கர் முனையில் சில மில்லிவோல்ட் டிசி நிற்கிறதா என்று பார்க்கவும் இதே வரம்புதான். அங்கே பத்து இருபது மில்லிவோல்ட் இருந்தால் கவலை இல்லை. நூறைத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது கேள்வி, உள்ளீட்டு மின்தடை எவ்வளவு? பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களில் 10 மெகாஓம். இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 10 வோல்ட் கொடுத்தால் நடுவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். 10 மெகாஓம் மீட்டர் அங்கே 4.76 வோல்ட் காட்டும். ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோஓம் என்ற பழைய முள் மீட்டரை 10 வோல்ட் வரம்பில் வைத்தால் காட்டுவது 1.43 வோல்ட். அந்தக் காலச் சர்க்யூட் வரைபடங்களில் அச்சிட்ட மின்னழுத்தங்கள் சில நேரம் முள் மீட்டரால் எடுக்கப்பட்டவை. பழைய வால்வு ரேடியோவைப் பழுதுபார்ப்பவர்கள் வரைபடத்தின் ஓரத்தில் எந்த மீட்டர் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். உங்கள் மீட்டர் கூடுதலாகக் காட்டுவது பழுதின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஏசி. ஆடியோக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

பெட்டியில் 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கும், எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். அது இல்லாத மீட்டர் அலையின் சராசரியை எடுத்து, சைன் அலை என்று வைத்துக்கொண்டு 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. சைன் அலைக்கு விடை மிகச் சரி. சதுர அலைக்கு 11 சதவீதம் அதிகம், முக்கோண அலைக்கு ஏறத்தாழ 4 சதவீதம் குறைவு. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் அலையின் வடிவத்தைப் பொருட்படுத்தாமல், அதே வெப்பத்தைத் தரும் டிசிக்கு இணையான மதிப்பைச் சொல்லும்.

நல்ல வசதிதான். ஆனால் ஆடியோ ஆம்ப்ளிஃபையரை நாம் சோதிப்பது பெரும்பாலும் எதைக் கொண்டு? சைன் அலையைக் கொண்டு. அதற்குச் சராசரி மீட்டரே போதும். ஆகவே ட்ரூ ஆர்எம்எஸ், அதிர்வெண் வரம்பு இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால், தயங்காமல் அதிர்வெண் வரம்பைத் தேர்ந்தெடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்கள் ஏராளம். அவை மின்பணியாளருக்காக, வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அந்த வேலையில் அவற்றில் குறை இல்லை.

அட்டவணையில் ஏசி மின்னழுத்த வரியைக் கண்டுபிடித்து, அதில் அதிர்வெண்ணைத் தேடுங்கள். '40 முதல் 400 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் ஆடியோவுக்கு உதவாது. '1 கிலோஹெர்ட்ஸ் வரை' என்றால் அந்த ஓர் அதிர்வெண்ணில் திறனை அளக்கலாம், அதிர்வெண் மாற மாற வெளியீடு எப்படி மாறுகிறது என்று காட்டும் அதிர்வெண் வளைவு எடுக்க முடியாது. ஃப்ளூக் 87-இன் ஐந்தாம் பதிப்பு 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. ஃப்ளூக் 289, பிரைமென் 869 ஆகியவை 100 கிலோஹெர்ட்ஸ் வரை. மேசை மீட்டர்களில் நெடுங்காலம் ஆய்வகங்களின் நம்பிக்கைக்குரியதாக இருந்த ஹெச்பி/ஏஜிலென்ட் 34401 என்ற மாடல் 3 ஹெர்ட்ஸிலிருந்து 300 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும். கையில் எடுத்துச் செல்லும் தேவை இல்லாதவர்கள் பயன்படுத்திய மேசை மீட்டர் ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம்.

அதிர்வெண் எண்ணுக்குப் பக்கத்தில் துல்லியத்தையும் படியுங்கள். 50 ஹெர்ட்ஸில் 0.7% என்று இருப்பது 20 கிலோஹெர்ட்ஸில் 2 அல்லது 3 சதவீதமாக விரியும். அது பெரிய குறையல்ல. ஒலி அளவுகளை ஒப்பிடும் அலகான டெசிபெல்லில், மின்னழுத்தம் 11 சதவீதம் குறைந்தால்தான் 1 டெசிபெல். அதனால் 2 சதவீதப் பிழை ஆடியோவில் கால் டெசிபெல்லுக்கும் கீழ். திறனைக் கணக்கிடும்போது மட்டும் கவனம் வேண்டும்: திறன் மின்னழுத்தத்தின் இருபடி என்பதால் பிழை இரட்டிக்கும்.

அட்டவணையில் பலர் தவறவிடும் இன்னோர் எண் உள்ளீட்டு மின்தேக்கம். 10 மெகாஓமுக்கு அருகில் '100 பிகோஃபாரட்டுக்குக் கீழ்' என்று எழுதியிருக்கும். 20 கிலோஹெர்ட்ஸில் 100 பிகோஃபாரட் ஏறத்தாழ 80 கிலோஓமுக்குச் சமம். டிசியில் 10 மெகாஓமாக இருந்த மீட்டர், ஆடியோவின் மேல் விளிம்பில் 80 கிலோஓம் சுமையாக மாறிவிடுகிறது! வால்யூம் கன்ட்ரோலின் நடுமுனை, வால்வின் கிரிட் போன்ற உயர் மின்தடைப் புள்ளிகளில் புரோபை வைத்தால் உயர் அதிர்வெண்ணை மீட்டரே விழுங்கும். அளவீட்டை எப்போதும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு, பஃபரின் வெளியீடு போன்ற குறைந்த மின்தடைப் புள்ளியில் எடுங்கள்.

பிறகு மிகச் சிறிய ஏசி. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்களின் ஏசி துல்லியம் பொதுவாக வரம்பின் 5 அல்லது 10 சதவீதத்துக்கு மேல்தான் உறுதியளிக்கப்படுகிறது. புரோபுகளைச் சேர்த்துப் பிடித்தாலும் திரையில் சில எண்கள் மிஞ்சி நிற்கும். ரெக்கார்டு பிளேயரின் கார்ட்ரிட்ஜ் தரும் சுமார் 5 மில்லிவோல்ட்டை இப்படிப்பட்ட மீட்டரால் நம்பகமாக அளக்க முடியாது, ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலை அளப்பதோ நடக்காத காரியம். அதற்கு நல்ல சவுண்ட் கார்டும், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் மென்பொருளும் வேண்டும். சிதைவை அளப்பதும் அப்படியே. மீட்டர் ஒரே ஓர் எண்ணைத்தான் தரும், அந்த எண்ணில் சுரமும் சிதைவும் ஹம்மும் கலந்திருக்கும்.

டெசிபெல் பொத்தான் இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் இழப்பில்லை. சில எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 0 டிபியு என்பது 0.775 வோல்ட். ஸ்டூடியோக் கருவிகளின் +4 டிபியு 1.228 வோல்ட். வீட்டுக் கருவிகளின் −10 டிபிவி (1 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல்) 0.316 வோல்ட். 8 ஓமில் 1 வாட் என்பது 2.83 வோல்ட், 50 வாட் என்பது 20 வோல்ட். முழுத் திறனை அளக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதிலாக அதற்கேற்ற வாட் தாங்கும் ரெசிஸ்டரைச் சுமையாகப் போடுங்கள்.

வெளியீட்டை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலி தரும் டி வகை (கிளாஸ் டி) ஆம்ப்ளிஃபையர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றின் வெளியீட்டில் பல நூறு கிலோஹெர்ட்ஸ் சுவிட்சிங் எச்சம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அகன்ற வரம்புள்ள மீட்டர் அதையும் சேர்த்துக் கணக்கிட்டு, இசையே இல்லாதபோதும் மின்னழுத்தம் காட்டும். 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும் 3.3 நானோஃபாரட் கெப்பாசிட்டரை மீட்டரின் குறுக்காகவும் இட்டால் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பவை தணியத் தொடங்கும். 20 கிலோஹெர்ட்ஸிலும் இது முக்கால் டெசிபெல் அளவு குறைக்கும், வளைவு எடுக்கும்போது அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதே ஆம்ப்ளிஃபையர்களில் பல, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இயக்கும் பிரிட்ஜ் வகையைச் சேர்ந்தவை. எந்த முனையும் தரை கிடையாது. ஆசிலாஸ்கோப்பின் தரைக் கவ்வியை அங்கே மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் சேதமாகக்கூடும். பேட்டரியில் ஓடும் கைமீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு முனைகளிலும் நேரே வைக்கலாம்.

ஆறாம் படி: மின்னோட்ட வரம்பு விழுங்கும் மின்னழுத்தம்

மின்னோட்டத்தை அளக்க மீட்டர் தனக்குள் ஒரு சிறு ரெசிஸ்டரைச் செருகுகிறது. அதன் குறுக்கே இழக்கப்படும் மின்னழுத்தம் அட்டவணையில் 'ஒரு மில்லிஆம்பியருக்கு இத்தனை மில்லிவோல்ட்' என்று இருக்கும். 10 ஓம் உள்ள மீட்டரில் 30 மில்லிஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட் போய்விடும். 3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் அந்த இழப்பில் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆவதைப் பார்த்து, புரோகிராமில் பிழை தேடியவர்கள் உண்டு. மைக்ரோஆம்பியர் வரம்பில் மின்தடை 100 ஓம் அளவுக்கும் இருக்கும்.

பேட்டரிச் சர்க்யூட் வேலை செய்பவர்கள் இந்த எண்ணுக்காகவே மீட்டரைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு எளிய வழி இருக்கிறது: 1 சதவீதத் துல்லியமுள்ள 0.1 ஓம் அல்லது 1 ஓம் ரெசிஸ்டரைச் சர்க்யூட்டில் தொடராக இட்டு, அதன் குறுக்கே மில்லிவோல்ட் அளந்து வகுத்துக்கொள்வது. நான் மின்னோட்டத் துளையை மாதத்தில் ஒருமுறை தொட்டாலே அதிகம்.

ஏழாம் படி: மற்ற வசதிகள்

இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் தொடர்ச்சிச் சோதனையின் பீப் ஒலி, புரோப் தொட்டவுடன் தயங்காமல் வர வேண்டும். நாளெல்லாம் பயன்படுத்தும் வசதி இது. அரை நொடி தாமதித்து ஒலிக்கும் மீட்டரோடு பெரிய பலகையில் தடம் தேடுவது பெரும் பாடு. டயோடு சோதனை 3 வோல்ட்டுக்கு மேல் தந்தால் நீல, வெள்ளை எல்இடிகளையும் ஒளிரவைத்துப் பார்க்கலாம்.

மின்தடையில் 'ரிலேட்டிவ்' பொத்தான் இருப்பது நல்லது. புரோபுக் கம்பிகளே 0.1 முதல் 0.3 ஓம் வரை சேர்க்கும், அதைக் கழித்துவிடலாம். 8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 6 அல்லது 7 ஓம்தான் காட்டும், அது சரிதான். மீட்டர் அளப்பது சுருளின் டிசி மின்தடை.

கெப்பாசிட்டர் அளவு, கிராஸ்ஓவரில் போடும் ஃபிலிம் கெப்பாசிட்டர்களைச் சரிபார்க்க உதவும். வயதான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைப் பற்றி அது முழுதாகச் சொல்லாது. மதிப்பு சரியாக இருந்தும் உள்மின்தடை ஏறியிருக்கும். அந்த உள்மின்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் தனியாக வேண்டும். டிரான்சிஸ்டர் சோதனைத் துளையை வைத்து மீட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எட்டாம் படி: ஒன்றா, இரண்டா?

ஒரே பெரிய மீட்டருக்காகக் காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நடுத்தரமான ஒன்றை வாங்குங்கள், பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதில் எது போதவில்லை என்று ஆறு மாத வேலை உங்களுக்குக் காட்டிவிடும். இரண்டாவதாக அதிர்வெண் வரம்பு அகன்ற மீட்டரை வாங்குங்கள். இரண்டு மீட்டர்கள் கையில் இருப்பதன் அருமை பெரிது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், ஒன்றின் மேல் சந்தேகம் வந்தால் மற்றதைக் கொண்டு சரிபார்க்கலாம். ஆடியோவே முதன்மை வேலை என்பவர்கள் 20 கிலோஹெர்ட்ஸ் மீட்டரையே முதலில் வாங்குங்கள். வால்வுக்காரர்கள் கேட் மதிப்பையும் நல்ல கவ்விகளையும் முன்னால் வையுங்கள். மின்சாரத்தை அணைத்து, கெப்பாசிட்டர்களை வெறுமையாக்கி, கவ்வியை மாட்டி, கையை எடுத்த பிறகு மின்சாரம் கொடுப்பதுதான் அந்த மேசையின் ஒழுங்கு.

ஒன்பதாம் படி: வந்தவுடன் சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

9 வோல்ட் பேட்டரியை நேரடியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1 மெகாஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து மீண்டும் அளங்கள். 9.00 என்பது 8.18 ஆகக் குறைந்தால் உள்ளீட்டு மின்தடை 10 மெகாஓம். பாதியாகக் குறைந்தால் 1 மெகாஓம்தான்.

அதே பேட்டரியை ஏசி மின்னழுத்த நிலையில் வைத்து அளங்கள். பூஜ்யத்துக்கு வந்து நிற்க வேண்டும். புரோபுகளை மாற்றிப் பிடித்தும் பாருங்கள். சில எளிய மீட்டர்கள் ஒரு திசையில் பூஜ்யமும் மறு திசையில் 20 வோல்ட்டுக்கு அருகிலும் காட்டும். உள்ளே டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இல்லை என்று பொருள். டிசியோடு கலந்த ஆடியோவை அந்த மீட்டரால் அளக்க முடியாது.

கடைசியாக, மிக முக்கியமான சோதனை. கணினி அல்லது கைபேசியின் ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து சைன் அலை கொடுங்கள். ஒலி மேம்படுத்தும் அமைப்புகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஒலியளவைத் தொடக்கூடாது. 400 ஹெர்ட்ஸில் மீட்டர் காட்டுவதை 1.00 என்று எடுத்துக்கொண்டு, 20, 50, 100 ஹெர்ட்ஸிலும், 1, 2, 5, 10, 15, 20 கிலோஹெர்ட்ஸிலும் என்ன விகிதம் வருகிறது என்று குறியுங்கள். 0.89 என்றால் 1 டெசிபெல் இழப்பு, 0.71 என்றால் 3 டெசிபெல். தானியங்கி மீட்டர் நடுவில் வரம்பு மாறாமல் இருக்க, வரம்பைக் கையால் பூட்டிவிடுங்கள்.

இந்த விகிதங்களைச் சிறு தாளில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவையுங்கள். 10 கிலோஹெர்ட்ஸுக்கு நேரே 0.93 என்று இருந்தால், அங்கே சைன் அலைக்குக் கிடைக்கும் அளவை 0.93-ஆல் வகுத்துக்கொள்ளலாம். அன்றே இப்படி ஒரு தாள் என் மீட்டரில் இருந்திருந்தால், நல்ல நிலையில் இருந்த அந்த ஆம்ப்ளிஃபையரை நான் திறந்தே இருக்க மாட்டேன்.